ஈறுக்கடியில் ஒரு குடியிருப்பு

“மூன்று, இரண்டு, மூன்று. மூன்று, மூன்று, ஐந்து, ரத்தம். ஆறு, ரத்தம்.” மருத்துவர் சொல்லச் சொல்ல, அருகில் நின்ற உதவியாளர் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தார். மில்லிமீட்டர் கோடுகள் பொறித்த, முனை மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்று, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறங்கி ஏறியது. நலமான ஈற்றில் அந்த இடுக்கின் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும் என்பதும், நான்கோ அதற்கு மேலோ இறங்கி, தொட்டதும் ரத்தமும் கசிந்தால் அங்கே கவனிக்க வேண்டிய நோய் இருக்கிறது என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. வலி எதுவும் இல்லை. நாள்தோறும் இருமுறை பல் துலக்கும் வழக்கமும் உண்டு. துப்பும் நுரையில் இளஞ்சிவப்பு கலந்திருப்பதை மட்டும் பல வருடங்களாகப் பார்த்துவந்திருக்கிறேன். பிரஷ்தான் கடினமாக இருக்கிறது என்று எண்ணி மென்மையானதற்கு மாறினேன். ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் ஒதுக்கிவிட்டுத் துலக்கப் பழகினேன். செய்யக்கூடாததையே செய்துவந்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது.

அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பே, கீழ்த்தாடையின் கடைவாய்ப்பல் ஒன்றை ஒட்டி ஈறு வீங்கி, வேறொரு பல் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “இன்ஃபெக்‌ஷன்” என்று சொல்லி, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். யாரும் அளந்து பார்க்கவில்லை, எக்ஸ்ரே எடுக்கவில்லை, சுத்தம் செய்யவும் இல்லை. வீக்கம் இரண்டே நாளில் வடிந்தது. நோய் போய்விட்டது என்று நானும் நம்பினேன். நான்கு மாதத்தில் அதே இடம் மறுபடியும் வீங்கியது. பாக்டீரியாவால் வந்த நோய் என்றால், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தைச் சாப்பிட்ட பிறகும் அது ஏன் திரும்பி வர வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததிலிருந்தும், பிறகு முறையாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டதிலிருந்தும் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன். இந்த விடை முதல் தடவையே கிடைத்திருந்தால், அந்தப் பல்லைச் சுற்றியிருந்த எலும்பு இவ்வளவு கரைந்திருக்காது என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் இருக்கிறது.

தொற்று என்றதும் நம் மனத்தில் எழுவது, வெளியிலிருந்து ஒரு கிருமி உள்ளே புகுந்து கெடுதல் செய்கிறது, மருந்து அதை அழிக்கிறது, உடல் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்ற சித்திரம். பல தொற்றுநோய்களுக்கு இது பொருந்தும். ஈறு நோய்க்குப் பொருந்தாது. மனித வாயில் இதுவரை இனங்காணப்பட்ட பாக்டீரியா வகைகள் ஏறக்குறைய 700. ஒருவரது வாயில் அவற்றில் நூற்றுக்கணக்கானவை எப்போதும் குடியிருக்கின்றன. நலமாக இருப்பவர் வாயிலும் அவை உண்டு. அவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை; வெளியிலிருந்து வரும் முரட்டுக் கிருமிகளுக்கு இடம்விடாமல் காப்பவையும் அவற்றில் உண்டு. ஆகவே ஈறு நோய் என்பது அந்நியன் புகுந்த கதையாக இல்லாமல், குடியிருப்பவர்களின் விகிதம் தலைகீழாக மாறிய கதையாகவே இருக்கிறது.

அந்தக் குடியிருப்பு உருவாகும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பல்லை நன்றாகத் தேய்த்துக் கொப்பளித்த சில நிமிடங்களுக்குள், எச்சிலில் உள்ள புரதங்கள் பற்சிப்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சாகப் படிந்துவிடுகின்றன. அந்தப் பூச்சைப் பற்றிக்கொண்டு முதலில் வந்து ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஆக்டினோமைசிஸ் போன்றவை. இவை காற்றிருக்கும் இடத்தில் வாழக்கூடியவை, பொதுவாகச் சாதுவானவை. இவை பெருகிப் பிசுபிசுப்பான பொருளைச் சுரந்து, அதற்குள்ளேயே தங்களைப் புதைத்துக்கொள்கின்றன. மேலே அடுக்கு ஏற ஏற, அடியில் ஆக்சிஜன் குறைகிறது. அப்போது ஃபியூசோபாக்டீரியம் என்ற நீண்ட, இரு முனையும் கூர்மையான பாக்டீரியா வந்து சேர்கிறது. முன்பே வந்தவற்றையும் பிறகு வரப்போகிறவற்றையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. அது போட்டுக்கொடுக்கும் பாலத்தின் வழியாகத்தான் காற்றை வெறுக்கும் வகைகள் உள்ளே குடியேறுகின்றன. இந்த அடுக்குமாடிக் குடியிருப்பைத்தான் பல் மருத்துவர்கள் பிளேக் என்கிறார்கள். நகத்தால் பல்லின் அடிப்பகுதியைச் சுரண்டினால் வெண்மையாக, மாவு போல ஒட்டிவருவது அதுவேதான். எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி, ஓரிரு நாளிலேயே இறுகத் தொடங்கிவிடும். அப்படி இறுகியது காரை. காரை கல்லைப் போன்றது, பிரஷுக்கு அசையாது.

அந்த வெண்மையான மாவை முதன்முதலில் உருப்பெருக்கும் கண்ணாடி வழியே பார்த்தவர், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான ஆன்டன் வான் லீவன்ஹூக். 1683 செப்டம்பரில் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், தினமும் உப்பால் தேய்த்துச் சுத்தமாக வைத்திருந்த தன் பல்லிடுக்கிலிருந்தே அதை எடுத்து, மழைநீரில் கலந்து பார்த்தபோது, எண்ணற்ற சிற்றுயிர்கள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்ததை வியப்போடு விவரித்திருக்கிறார். என்னை அதைவிடக் கவர்ந்தது அவர் அடுத்து எழுதிய ஒரு சிறு குறிப்பு. வினிகரால் வாய் கொப்பளித்தபோது, அந்தப் படிவின் வெளிப்புறத்தில் இருந்த உயிர்கள் மட்டுமே மடிந்தன என்றும், வினிகர் உள்ளே ஊடுருவவில்லை என்றும் அவர் கண்டுகொண்டார். பாக்டீரியா என்ற பெயரே பிறக்காத காலத்தில், நோயோடு அவற்றுக்குத் தொடர்பிருப்பதை யாரும் எண்ணிப்பாராத காலத்தில் எழுதிய குறிப்பு அது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு என் மாத்திரைகள் தோற்ற காரணத்தில் பாதி அதில் இருக்கிறது.

படிவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஐயத்துக்கு இடமின்றி மனிதர்களிடமே நிறுவியது, 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் ஹரால்ட் லோவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. ஈறு நலமாக இருந்த 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை முற்றிலும் நிறுத்தினார்கள். அவ்வளவுதான் சோதனை. 10 முதல் 21 நாளுக்குள் விதிவிலக்கின்றி எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கி ரத்தம் கசிந்தது. படிவை எடுத்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் உருண்டை வடிவப் பாக்டீரியாக்களே நிறைந்திருந்த இடத்தில், இழை வடிவங்கள் வந்து, இறுதியில் சுருள் வடிவில் நெளிந்தோடும் ஸ்பைரோகீட்டுகள் வந்து சேர்ந்ததும் பதிவானது. மறுபடியும் பல் துலக்கத் தொடங்கியதும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழையபடி நலமாகிவிட்டது. மருந்தில்லை, மாத்திரையில்லை. ஈறு அழற்சி என்ற முதல் கட்டத்தில் இந்த நோய் முற்றிலும் மீளக்கூடியது என்பதை இதைவிட எளிமையாக வேறெந்த ஆய்வும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. நான் ஒதுக்கிவிட்டுத் துலக்கிய ஒவ்வொரு நாளும், அந்த மாணவர்கள் வேண்டுமென்றே செய்ததைத்தான் நான் அறியாமல் செய்திருக்கிறேன்.

ஆனால் எந்த பாக்டீரியா என்ற கேள்வி அவ்வளவு எளிதாகத் தீரவில்லை. படிவின் அளவுதான் காரணமா, அதில் உள்ள குறிப்பிட்ட சில வகைகளா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. 1998இல் பாஸ்டனின் ஃபார்சித் ஆய்வகத்தைச் சேர்ந்த சிக்மண்ட் சோக்ரான்ஸ்கியும் ஆன் ஹாஃபஜியும் தம் குழுவினரோடு, 185 பேரிடமிருந்து ஈறுக்கடியில் எடுத்த 13,000க்கும் மேற்பட்ட மாதிரிகளை ஆராய்ந்து, எந்தெந்த பாக்டீரியாக்கள் ஒன்றாகச் சேர்ந்து வாழ்கின்றன என்று வகுத்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறத்தின் பெயரைச் சூட்டினார்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு ஆழமாகும்போது அதைப் பை என்பார்கள்; ஆழமான, ரத்தம் கசியும் பைகளில் மூன்று பேர் சேர்ந்தே காணப்பட்டார்கள்: போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ், டன்னரெல்லா ஃபார்சித்தியா, ட்ரெப்போனிமா டென்டிகோலா. இவர்கள் சிவப்புக் கூட்டம். நான் மேலே சொன்ன பாலம் போடும் ஃபியூசோபாக்டீரியம் ஆரஞ்சுக் கூட்டத்தில் வருகிறது. ஆரஞ்சுக் கூட்டம் முதலில் நிலைபெறாமல் சிவப்புக் கூட்டம் வருவது அரிது.

இந்த மூவரில் போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்பதன் வாழ்முறையைப் படித்தபோது, நோயைப் பற்றிய என் எண்ணமே மாறிவிட்டது. அது சர்க்கரையைத் தின்பதில்லை. புரதமும், ரத்தத்திலிருந்து கிடைக்கும் இரும்பும்தான் அதன் உணவு. ரத்தத்தின் இரும்பு கலந்த நிறமியைத் தன்மேல் சேர்த்துவைத்துக்கொள்வதால், ரத்தம் கலந்த ஊட்டத்தில் அதை வளர்த்தால் கூட்டங்கூட்டமாகக் கருமை நிறத்தில் வளரும். புரதங்களை வெட்டும் நொதிகளைச் சுரந்து ஈற்றின் திசுவைச் சிதைப்பதோடு, நம் வெள்ளணுக்களின் சமிக்ஞைகளையும் அது குழப்பிவிடுகிறது: வெள்ளணு அதைக் கொல்ல முடியாமல் போகிறது; அழற்சியோ அடங்காமல் தொடர்கிறது. இந்த இரண்டும் அதற்குத் தேவை. ஏனென்றால் அழற்சியுற்ற ஈற்றிலிருந்து கசியும் நீரும் ரத்தமும் சிதைந்த புரதமும்தான் அதற்குச் சாப்பாடு. 2011இல் ஜார்ஜ் ஹாஜிஷெங்காலிஸ் குழுவினர் எலிகளில் செய்த ஆய்வு இன்னும் வியப்பானது. மொத்த பாக்டீரியாக்களில் 0.01 சதவீதத்துக்கும் குறைவாக இது இருந்தபோதே, மற்ற பாக்டீரியாக்களின் எண்ணிக்கையும் கலவையும் மாறி, தாடையெலும்பு கரைந்தது. வேறு பாக்டீரியாக்களே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் வாயில் இதை மட்டும் விட்டபோது எலும்பு கரையவில்லை. தனியாக அதனால் ஒன்றும் செய்ய இயலவில்லை. ஊரைக் கெடுத்து, அந்த ஊரைக்கொண்டுதான் அது நம்மைக் கெடுக்கிறது.

எலும்பைக் கரைப்பதும் பாக்டீரியா அல்ல. நம் உடலேதான். ஈறுக்கடியில் ஓயாமல் நடக்கும் போரில், எலும்பைக் கரைக்கும் செல்களுக்கு நம் நோயெதிர்ப்பு அணுக்களே கட்டளை அனுப்புகின்றன. எரியும் வீட்டை ஒட்டிய கூரையைப் பிரித்தெறிவது போல, தொற்று நெருங்கும் எலும்பை உடல் பின்வாங்கிக்கொள்கிறது. பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் அறுபட்டு, எலும்பு கீழிறங்கி, இடுக்கு ஆழமாகி, அந்த ஆழத்தில் காற்றில்லாமல் போய், சிவப்புக் கூட்டத்துக்கு இன்னும் வசதியான இடம் அமைகிறது. பழைய தலைமுறையினர் பயோரியா என்று சொன்னது இந்த இரண்டாம் கட்டத்தைத்தான். இதில் இழந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வளர்வதில்லை.

ஒரே அளவு படிவு இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் இது நடப்பதில்லை. லோ குழுவினர் 1970 முதல் 1985 வரை இலங்கையில், பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவமோ இல்லாத 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 8 சதவீதம் பேருக்கு நோய் மிக வேகமாக முற்றியது. 81 சதவீதம் பேருக்கு மிதமாக. 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியைத் தாண்டவே இல்லை. பரம்பரை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவை இந்த வேறுபாட்டில் பங்குபெறுகின்றன என்பது தெளிவு. புகைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: புகை ஈற்றின் ரத்தக்கசிவைக் குறைத்து, எச்சரிக்கை மணியையே அமுக்கிவிடுகிறது.

இனி சிகிச்சை. இரண்டு அமர்வுகளில், ஒவ்வொரு முறையும் வாயின் ஒரு பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கடியில் வேர்வரை சுத்தம் செய்தார்கள். முதலில் நீரைப் பீய்ச்சியபடி அதிரும் அல்ட்ராசானிக் முனை. பிறகு வளைந்த மெல்லிய கைக்கருவி. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் நுனிக்கு வரும் உணர்வை மட்டும் நம்பிச் செய்யும் வேலை அது. கருவி வேரின்மேல் உரசும்போது முதலில் கரகரவென்று கேட்ட சத்தம், மெல்ல மெல்ல மாறி, கண்ணாடியில் இழுப்பது போல வழுவழுப்பாக ஆனதை என் தாடையெலும்பின் வழியாகவே கேட்டேன். நடுவில் நிறுத்தி, பஞ்சுத்துணியில் துடைத்தெடுத்த ஒரு துணுக்கை மருத்துவர் காட்டினார். அரிசிக் குருணை அளவுதான். பல்லின் வெளியே தெரியும் காரையைப் போல மஞ்சளாக இல்லை. கசிந்த ரத்தத்தின் நிறமி ஏறி, கரும்பச்சையாக, சொரசொரப்பாக இருந்தது. “இது உங்களுக்கு நேரடியாக நோய் தருவதில்லை. ஆனால் இதன் மேல் எப்போதும் உயிருள்ள படிவு ஒட்டியிருக்கும். இது அங்கே இருக்கும்வரை ஈறு ஆறாது” என்றார். வேரின் மேற்பரப்பையே சீவியெடுக்க வேண்டும் என்று முன்பு நம்பினார்களாம். பாக்டீரியாக்களின் நச்சு மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்த பிறகு, அவ்வளவு கடுமையாகச் சுரண்டுவதில்லை என்றும் சொன்னார்.

அந்தத் துணுக்கைப் பார்த்ததும் என் பழைய கேள்விக்கு விடை முழுமையாகிவிட்டது. மாத்திரை சாப்பிட்ட ஐந்து நாளும் இது அங்கேயே இருந்திருக்கிறது. ரத்தத்தின் வழியாக வந்த மருந்து, மிதந்துகொண்டிருந்த பாக்டீரியாக்களைக் கொன்று வீக்கத்தை அடக்கியது உண்மை. ஆனால் பிசினுக்குள் புதைந்திருப்பவற்றிடம் மருந்து போதுமான அளவில் சென்று சேர்வதில்லை. அடியாழத்தில் இருப்பவை பெருகாமல் மந்தமாக வாழ்வதால், பெருகும் செல்களைத் தாக்கும் மருந்துக்கு எளிதில் அகப்படுவதுமில்லை. மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரந்து அண்டை அயலாரையும் சேர்த்துக் காப்பாற்றும் வகைகளும் அங்கே உண்டு. இத்தனைக்கும் மேலாக, ஆழமும் இருட்டும் காற்றின்மையும் கொண்ட அந்த இடம் மாறவே இல்லை. ஆட்களை விரட்டிவிட்டு வீட்டை அப்படியே திறந்து வைத்திருந்தோம்.

ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. காய்ச்சலோடு பரவும் சீழ்க்கட்டி, ஈறு அழுகிப் புண்ணாகும் நிலை, இளவயதிலேயே வேகமாக எலும்பைக் கரைக்கும் வகை போன்றவற்றில், சுத்தம் செய்வதோடு சேர்த்து அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் போன்றவற்றைத் தேர்ந்து கொடுக்கிறார்கள். ஆனால் வழக்கமாக எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய ஈறு நோய் மருத்துவக் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சுத்தம் செய்யாமல் மாத்திரை மட்டும் எழுதிக்கொடுப்பது நோயாளிக்கு நிம்மதியைக் கொடுத்து, நோய்க்குக் காலத்தைக் கொடுக்கிறது. எனக்கு நேர்ந்தது அதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குளோர்ஹெக்சிடின் வாய்க்கொப்பளிப்பானும் அப்படியே: குறுகிய காலத்துக்கு உதவும், பல்லில் பழுப்புக் கறை ஏற்றும், ஆழமான பைகளுக்குள் இறங்காது. இன்னொரு மருந்தின் கதை சுவையானது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 20 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் நாளுக்கு இருமுறை கொடுத்தால், அது பாக்டீரியாவைக் கொல்வதில்லை; திசுவைச் சிதைக்கும் நம் உடலின் நொதியைக் கட்டுப்படுத்துகிறது. அழிப்பதில் பாதி நம் உடலின் வேலை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. என் அனுபவத்துக்குப் பிறகு அவரையும் அழைத்துப்போய் அளந்து பார்க்கச் சொன்னேன். என்னைவிட மோசமாக இருந்தது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும் என்பது பலருக்கும் தெரியும். அது எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது என்பது தெரிந்திருப்பவர்கள் குறைவு. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற மூன்று நான்கு மாதங்களில், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 புள்ளி குறைவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. சர்க்கரைக்கு மருந்து எழுதுபவர்கள் ஒருமுறையாவது “ஈற்றில் ரத்தம் வருகிறதா?” என்று கேட்டால் நன்றாக இருக்கும். அம்மாவை அதுவரை யாரும் கேட்டதில்லை.

சிகிச்சை முடிந்த சில வாரங்களில் ஈறு இறுகி, சற்றுக் கீழிறங்கி, பற்கள் நீண்டுவிட்டது போலத் தெரிந்தன. குளிர்ந்த நீர் பட்டால் கூசியது. வீக்கம் வடிந்ததன் அடையாளம் அது என்று முன்பே சொல்லியிருந்ததால் அச்சப்படவில்லை. ஆனால் துப்புரவாக எடுத்த இடத்திலும் பாக்டீரியாக்கள் சில வாரங்களில் மறுபடி குடியேறும்; மீண்டும் சிவப்புக் கூட்டம்வரை வளர்வதற்குள் அடுக்கைக் கலைத்துவிட வேண்டும் என்பதால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள். ஸ்வீடனில் 1972இல் பெர் ஆக்ஸெல்சன், யான் லிண்டே ஆகியோர் தொடங்கிய ஆய்வில், இப்படித் தொடர்ந்து சுத்தம் செய்துகொண்டும் வீட்டில் பல்லிடுக்குகளைப் பராமரித்தும் வந்தவர்கள், 30 வருடங்களில் சராசரியாக இரண்டு பற்களைக்கூட இழக்கவில்லை.

மூன்றாம் மாதம் மறுபடியும் அந்தக் கம்பி இறங்கியது. ஐந்தாக இருந்த இடங்கள் பெரும்பாலும் மூன்றாகியிருந்தன. ரத்தம் இரண்டு இடங்களில் மட்டும். ஆறு இருந்த கடைவாய்ப்பல்லின் பின்புறம் ஐந்தில் நின்றது. அங்கே வேர்கள் பிரியும் இடுக்கு வரை எலும்பு இறங்கிவிட்டதால், கருவி எட்டுவது கடினம் என்றும், அடுத்த முறையும் ஐந்தாகவே இருந்தால் ஈற்றைச் சற்று விலக்கித் திறந்து சுத்தம் செய்யலாம் என்றும் மருத்துவர் சொல்லி, அந்த இடுக்குக்குப் பொருந்தும் பல்லிடைத் தூரிகையின் அளவைக் கண்டுபிடிக்க மூன்றை மாற்றி மாற்றி நுழைத்துப் பார்த்தார். மூன்றாவது பொருந்தியது. அன்றிரவு கண்ணாடி முன் நின்று அதை நானே நுழைக்க முயன்றபோது, முதல் நான்கு முறை வழி கிடைக்கவில்லை. ஐந்தாவது முறை உள்ளே போய், வெளியே வந்தபோது தூரிகையின் நுனியில் லேசான சிவப்பு இருந்தது. இம்முறை நிறுத்தாமல் மறுபடியும் நுழைத்தேன்.